நாற்பது பேரை வைத்து ஒரு போர்

கேள்வி: அறுநூறு பக்கச் சரித்திர நாவல் ஒன்றை எட்டு எபிசோட் தொடராக எழுதிக்கொண்டிருக்கிறேன். நாவலில் மூன்று பெரிய போர்கள் வருகின்றன. தயாரிப்பாளரோ, "நாற்பது துணை நடிகர்கள், ஆறு குதிரைகள், அதற்கு மேல் கேட்காதே" என்கிறார். போர்களை வெட்டிவிடுவதா, கிராஃபிக்ஸில் சமாளிப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். மூன்றில் எந்தப் போர் கதையைத் திருப்புகிறது என்று முதலில் பாருங்கள். அந்த ஒன்றை மட்டும் களத்தில் காட்டி, பணத்தையும் நாட்களையும் அதற்கே ஒதுக்குங்கள். பேச்சுக் காட்சி என்றால் ஒரு நாளில் திரைக்கதையில் நான்கைந்து பக்கம் எடுத்துவிடலாம். சண்டையில் அரைப் பக்கம் முடிந்தாலே பெரிய விஷயம்.

இன்னொரு போரை மறுநாள் காலையிலிருந்து தொடங்கலாம். புறநானூற்றின் 278-ஆம் பாட்டில், மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்ட கிழவி வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். படப்பிடிப்புக் கணக்கில் அது ஒரு நடிகை, கிடக்கப் பத்துப் பேர். போரில் யார் ஜெயித்தது என்றுகூட நமக்குக் கேட்கத் தோன்றாது.

மூன்றாவது, தூதன் வாயால் வரும் போர். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்து "மன்னா, தோற்றோம்" என்றால் பார்ப்பவர் கொட்டாவி விடுவார். கலிங்கத்துப்பரணியிலும் போர் வாய்வழியாகத்தான் வருகிறது. களத்திலிருந்து வந்த பேய் ஒன்று காளியிடம் சொல்கிறது. ஆனால் சுற்றியிருக்கும் பேய்களுக்குக் கொலைப்பசி. எத்தனை பேர் செத்தார்கள் என்பது அவற்றுக்குச் சோற்றுப் பிரச்சினை! அதுபோல, தூதன் பேசும் அறையில் அந்தச் செய்தியால் வாழ்வோ சாவோ அடையப்போகிற ஒருவர் இருக்க வேண்டும். கேமராவைத் தூதன் மேல் வைக்காமல் அவர் முகத்தில் வையுங்கள்.

யார் கண்ணால் போரைப் பார்க்கிறோம் என்பதும் செலவைத் தீர்மானிக்கும். தளபதி குன்றின் மேல் நின்று பார்த்தால் பத்தாயிரம் பேர் வேண்டும், வரிசையில் நிற்கும் சிப்பாய்க்குப் பக்கத்து ஆளும் எதிரே ஓடி வருகிறவனும் போதும். நெப்போலியன் காலப் போர் நாவல்களிலிருந்து 1993-இல் தொடங்கிய 'ஷார்ப்' தொடர் ஒரு சின்னத் துப்பாக்கிக் குழுவோடேயே ஒட்டிக்கொண்டு போனது இப்படித்தான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2011-இல் முதல் சீசனில் இன்னும் துணிச்சலாக ஒன்றைச் செய்தது. நாவலில் களத்தில் இறங்கிச் சண்டையிடும் டிரியன், தொடரில் போர் தொடங்கும்போதே அடிபட்டு மயங்கி, எல்லாம் முடிந்தபின் விழிக்கிறான். வேடிக்கையான ஆளாக இருந்ததால் அவனுக்கு அது பொருந்தியது. உங்கள் வீர நாயகனை இப்படி மயக்கம் போட வைத்தால் சிரித்துவிடுவார்கள்.

சரி, களத்தில் காட்டும் அந்த ஒரு போர். தூரத்தை இழுத்துக் கிட்டே காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ் போட்டுக் கேமராவைத் தாழ்த்தி வைத்தால், முன்னும் பின்னுமாக நிற்கும் நாற்பது பேர் நெருக்கியடித்த கூட்டமாகத் தெரிவார்கள். அகல லென்ஸ் போட்டால் காலி மைதானம் காட்டிக்கொடுத்துவிடும். தூரத்திலிருந்து முழுக் களத்தையும் காட்டும் லாங் ஷாட் ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் கேமராவை அசையாமல் நிறுத்தி, அதே ஆட்களை இடம் மாற்றி மாற்றி எடுத்து ஒட்டச் சொல்லுங்கள். கிராஃபிக்ஸ் செலவு அதோடு நிற்கட்டும். இருட்டில் எடுத்தால் எல்லாம் மறைந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். பெரிய மைதானத்துக்கு இரவில் விளக்குப் போடும் செலவைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். புகை மலிவு, ஆனால் வாள்-வேல் காலக் கதையில் அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு எரியும் கூரையையாவது காட்ட வேண்டும்.

ஒலிக்குப் பணத்தை மிச்சம் வையுங்கள். முரசும் குளம்பொலியும் குன்றுக்கு அப்பாலிருந்து கேட்டால் போதும், படையின் அளவைப் பார்ப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

அப்புறம் அந்த ஆறு குதிரைகள். மோத விடாதீர்கள்; விபத்து நடந்தால் படப்பிடிப்பே நின்றுவிடும். ஐந்து போகட்டும், ஆறாவது ஆளில்லாமல் முகாமுக்குத் திரும்பி வரட்டும்.