தறி ஓட்டும் கணவர் கருத்தடை செய்துகொள்ளலாமா?

கேள்வி: பல்லடம் பக்கத்தில் எங்களுக்கு எட்டு விசைத்தறிகள் உள்ளன. எனக்கு வயது 31, கணவருக்கு 36. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று, இரண்டுமே சிசேரியன். மகன் எடை குறைவாகப் பிறந்ததால், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை அப்போது வேண்டாமென்று விட்டுவிட்டோம். பிறகு காப்பர்-டி போட்டேன். உதிரப்போக்கு அதிகமாகி எடுத்துவிட்டேன். இப்போது ஆணுறைதான். இனிக் குழந்தை வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். கணவர் தாமே ஆபரேஷன் செய்துகொள்வதாகச் சொல்கிறார். மாமியாரோ, "பாவு பீம் (தறியில் மாட்டும், நூல் சுற்றிய கனமான உருளை) தூக்கற ஆம்பளைக்குக் கத்தி வெச்சா அப்பறம் எந்த வேலைக்கும் ஆகமாட்டான், நீயே பண்ணிக்க அம்மிணி" என்கிறார். எனக்கும் உள்ளூரப் பயம். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரிக்கு, உங்கள் கணவர் கேட்காமலே முன்வந்திருக்கிறார் என்பதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அது எவ்வளவு அரிய செய்தி என்பதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் மணமான பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ 38 பேர் தாங்கள் செய்துகொண்ட கருத்தடை அறுவை சிகிச்சையை நம்பியிருக்கிறார்கள். கணவர் செய்துகொண்டதை நம்பியிருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.3 விழுக்காடுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் வீட்டு நிலைமையில் அவர் செய்துகொள்வதே பொருத்தம்.

காரணம் உங்கள் வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு தழும்புகள். சிசேரியனுக்குப் பிறகு உள்ளே கருப்பையும் குடலும் சுற்றியுள்ள சவ்வுகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், கருக்குழாயைத் தேடி எடுத்துக் கட்டுவது மருத்துவருக்குச் சற்றுச் சிரமமான வேலையாகிவிடுகிறது. இரண்டாவது சிசேரியனின்போதே செய்திருந்தால் கதை வேறு; வயிறு திறந்திருந்தது, கூடுதலாகச் சில நிமிடங்களில் முடிந்திருக்கும். இப்போது அதற்கென்றே மீண்டும் வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்கு வயிற்றைத் தொடவே வேண்டியதில்லை. 1974இல் சீனாவில் உருவாகி, இங்கே 'நவீன வாசக்டமி' என்று வழங்கும் முறையில், விதைப்பையின் தோலை மரத்துப்போகச் செய்து, கத்தியில்லாமல் கூர்முனைக் கருவியால் சிறு துளையிட்டு, விந்துக்குழாய்களை வெளியே எடுத்துத் துண்டித்துக் கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் தையல்கூடக் கிடையாது. கால் மணி நேர வேலை. அன்றே வீடு திரும்பலாம்.

'எந்த வேலைக்கும் ஆகமாட்டான்' என்பதைச் சற்று நின்று பார்ப்போம். ஆணின் பலத்துக்கும் இச்சைக்கும் காரணமான ஹார்மோன் விதையில் உருவாகி நேராக இரத்தத்தில் கலக்கிறது. கட்டப்படும் குழாய் வழியாக அது போவதே இல்லை. அந்தக் குழாயில் போவது விந்தணு மட்டும். வெளியேறும் திரவத்தின் பெரும்பகுதி விந்துப்பையிலிருந்தும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருவதால், அதன் அளவுகூடக் கண்ணுக்குத் தெரியும்படி குறைவதில்லை. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரத்துக்குப் பாவு பீம் தூக்காமலும் பைக் ஓட்டாமலும் இருப்பது, இறுக்கமான உள்ளாடை, இவ்வளவுதான் பத்தியம். பிறகு தறிக்கூடத்தில் முன்பு செய்த எல்லா வேலையையும் செய்யலாம்.

உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் எளிதாக எண்ணவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் நாடு முழுவதும் ஆண்களை வற்புறுத்தி இந்த அறுவை சிகிச்சைக்கு ஆளாக்கியதன் பேச்சு நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. ஜீப் சத்தம் கேட்டாலே என் சித்தப்பா சோளக்காட்டுக்குள் போய் மறைந்துகொள்வார் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்கு முன்பு இந்தியாவில் ஆண்கள்தான் அதிகம் செய்துகொண்டார்கள் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். அதன் பிறகுதான் சுமை மொத்தமாகப் பெண்கள் பக்கம் சாய்ந்தது. ஆகவே மாமியாரிடம் வாதாடாதீர்கள். மகனே பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல ஒண்ணும் ஆகாதுங்கம்மா, நான் டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன்" என்று சொல்லட்டும். மருமகள் சொல்வதற்கும் மகன் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே தெரியும்.

நல்லதை மட்டும் சொல்வது முறையல்ல. சில நாள் வீக்கமும் வலியும் இருக்கும். சிலருக்கு இரத்தக் கட்டோ சீழோ வரலாம். மிகச் சிலருக்கு வலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. காய்ச்சலோ வீக்கம் கூடுவதோ கண்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தோல்வி அரிது: பெண் அறுவை சிகிச்சையில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குப் பின்னாளில் கரு தங்கிவிடுகிறது என்றால், ஆண் சிகிச்சையில், விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியான பிறகு, ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்கிறது.

கையெழுத்திடும் முன் நீங்கள் இருவரும் தனியாகப் பேச வேண்டியது ஒன்றுதான், அது கசப்பானது: பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்தால், அல்லது உங்களில் ஒருவர் இல்லாமல் போய் மற்றவர் மறுமணம் செய்ய நேர்ந்தால், இந்த முடிவை ஏற்றுக்கொள்ள முடியுமா? குழாயை மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. பலன் உறுதியில்லை, ஆண்டுகள் போகப்போக வாய்ப்பும் குறையும். "பாக்கலாம், பின்னாடி சேத்துக்கலாம்" என்ற எண்ணம் ஒருவருக்கு இருந்தாலும் இப்போது செய்யாதீர்கள்.

அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்; விதிப்படி துணைவரின் கையெழுத்து தேவையில்லை, ஆனாலும் இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள். எங்கே, எந்த நாளில் செய்கிறார்கள் என்பதை உங்கள் கிராம சுகாதார செவிலியர் சொல்வார். நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்டுதோறும் நவீன வாசக்டமி இருவார முகாமும் நடக்கிறது. தீபாவளிக்குத் தறி நிற்கும் நாள்களில் செய்துகொண்டால் வேலையும் கெடாது. ஆனால் அன்றோடு ஆணுறையை விட்டுவிடக் கூடாது. குழாயில் முன்பே தங்கியிருக்கும் விந்தணுக்கள் தீர மூன்று மாதம் ஆகும். தையிலோ மாசியிலோ விந்துப் பரிசோதனை செய்து, அணு ஒன்றும் இல்லை என்ற தாளைக் கையில் வாங்கிய பிறகு விட்டுவிடலாம்.