மூன்று சுழி ண – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

எனக்குச் சொந்த ஊர் கரூர். கோவையில் விஸ்காம் முடித்துவிட்டு பெர்லினில் டிசைன் முதுகலை படிக்கிறேன். இது கடைசி செமஸ்டர். இதுவரை இரண்டு இன்டர்ன்ஷிப் செய்திருக்கிறேன். முதலாவது பாடத்திட்டத்திலேயே உள்ளது. ஐந்து மாதம், சம்பளம் கிடையாது. இரண்டாவது நானாகத் தேடிக்கொண்டது. அனிமேஷன் செய்யும் ஒரு சின்ன மோஷன் ஸ்டூடியோ, சரியாக மூன்று மாதம், மாதம் 500 யூரோ. முடிந்ததும் நல்ல சான்றிதழ் தந்தார்கள். ‘தரப்பட்ட வேலைகளை எங்களுக்குத் திருப்தி தரும்படி முடிக்க எப்போதும் முயன்றார்’ என்று எழுதியிருந்தார்கள். அப்பாவுக்கு மொழிபெயர்த்து அனுப்பினேன்.

அதே ஸ்டூடியோ மறுபடி மூன்று மாதத்துக்குக் கூப்பிடுகிறது, அதே 500க்கு. இதற்கிடையே ராத்திரிகளில் எனக்கென்று ஒன்று செய்துவருகிறேன். பெர்லினின் பழைய கடைப் பலகைகளைப் பார்த்து, வாரம் ஒரு தமிழ் எழுத்தை நியான் விளக்கு எரிவதுபோல அனிமேஷன் செய்கிறேன். 247ல் 41 முடிந்திருக்கிறது. சிலவற்றை இணைத்திருக்கிறேன். அதைப் பார்த்த ஒரு கஃபேக்காரர் தன் கடைக்கு லோகோ செய்து தந்தால் 600 யூரோ தருகிறேன் என்கிறார். அப்பா போன் பண்ணும்போதெல்லாம் ‘இன்னும் ட்ரெய்னிங்தானாம்மா?’ என்கிறார். எதை விடுவது, எதைப் பிடிப்பது?

க.

அன்புள்ள க.,

உங்கள் கேள்வி கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. ஆனால் என் கண் அதற்கு முன்பே ஒரு சொல்லில் நின்றுவிட்டது. அந்த ‘முயன்றார்.’

அப்பாவுக்கு அனுப்பிவிட்டீர்கள், இனி என்ன செய்ய! ஜெர்மன் வேலைச் சான்றிதழில் ‘முயன்றார்’ என்றால் ‘முடியவில்லை’ என்று பொருள். அங்கே சான்றிதழ் உண்மையாகவும் இருக்க வேண்டும், வேலை பார்த்தவரின் எதிர்காலத்தைக் கெடுக்காதபடி கனிவாகவும் இருக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் வகுத்த நெறி. திட்டி எழுத முடியாது. அதனால் பாராட்டுக்குள்ளேயே மதிப்பெண் போடும் ஒரு ரகசிய பாஷை வளர்ந்துவிட்டது. ‘எங்களுக்குத் திருப்தியாக’ என்றால் சுமார். ‘முழுத் திருப்தியாக’ என்றால் பரவாயில்லை. ‘எப்போதும் முழுத் திருப்தியாக’ என்றால் நன்று. முதல் தரத்துக்கு ‘எப்போதும் முழுமையிலும் முழுமையான திருப்தியாக’ என்று எழுத வேண்டும். முழுமைக்கு மேல் எப்படி இன்னொரு முழுமை என்று அங்குள்ள இலக்கணக்காரர்களே சலித்துக்கொள்வார்கள். ஆனாலும் மனிதவளத் துறையில் இருப்பவர்கள் அந்தச் சொல்லைத்தான் தேடிப் படிக்கிறார்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என்னிடமும் ஒரு ‘முயன்றார்’ இருக்கிறது. ஹாம்பர்க்கில் என் முதல் பயிற்சி முடிந்ததும் கனமான தாளில் கையெழுத்திட்டுத் தந்தார்கள். பெருமையாக ஸ்கேன் செய்து இருபது இடங்களுக்கு அனுப்பினேன். ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. அப்புறம் வேறொரு அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெரியவர் அதை வாங்கிப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், ‘முயன்றார்’ என்பதற்கு ஜெர்மனில் எழுதும் ‘பெம்யூட்’ என்ற சொல்லின் கீழே பென்சிலால் மெதுவாக ஒரு கோடு போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் எனக்கும் சேர்த்துக் காபி எடுத்து வந்தார்.

சரி, இப்போது உங்கள் ஸ்டூடியோவுக்கு வருவோம். உங்களுக்கு வேலை வரவில்லை என்று எழுதியவர்களே உங்களை மறுபடி கூப்பிடுகிறார்கள். வேலை தெரியாதவரை யார் திரும்பக் கூப்பிடுவார்கள்? என் ஊகம், எழுதியவருக்கே அந்த பாஷை தெரியாது. சின்ன இடங்களில் இது சகஜம். பழைய மாதிரி ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றியிருப்பார்கள். ஆகவே முதலில் சான்றிதழைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், அங்கே அது வழக்கம்தான். என்ன சொற்றொடர் வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.

அடுத்தது அந்த ‘சரியாக மூன்று மாதம்.’ அது தற்செயல் இல்லை. பாடத்திட்டம் கேட்கும் கட்டாயப் பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. உங்கள் முதல் ஐந்து மாதம் அந்தக் கணக்கு. படிக்கும்போதே நாமாகப் போகும் பயிற்சிக்கு மூன்று மாதம் வரை விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு ஒரே நிறுவனத்தில் இரண்டாம் முறை கிடையாது. மறுபடி போனால் முதல் நாளிலிருந்தே குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும். 2026 ஜனவரி முதல் அது மணிக்கு 13.90 யூரோ. வாரம் 40 மணி நேரம் என்றால் மாதம் சுமார் 2,400. அவர்கள் சொல்வது 500.

சண்டை போடச் சொல்லவில்லை. ‘இன்டர்ன் வேண்டாம், வெர்க்ஸ்டூடண்டாக, அதாவது படித்துக்கொண்டே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மாணவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், வாரம் 20 மணி நேரம் வருகிறேன்’ என்று கேளுங்கள். வேலை தெரிந்த ஆளை மறுபடி பழக்க வேண்டாம் என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம் (2024க்கு முன் 120). கட்டாயப் பயிற்சி அதில் சேராது, நீங்களாகப் போவது சேரும். மூன்று மாத முழுநேரம் கிட்டத்தட்ட 65 நாட்களைத் தின்றுவிடும்.

கஃபேக்காரர் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. தனக்காக எழுத்து வரைவதை யாரும் தடுக்க மாட்டார்கள். 600 யூரோவுக்கு பில் போட்ட நிமிடம் அது சுயதொழில். மாணவர் விசாவில் அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பெர்லினில் அந்த அலுவலகத்தில் நேரம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அனுமதிக்கு எழுதிப் போடுங்கள், அதுவரை ‘பணம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று வேலையைக் கொடுத்துவிடாதீர்கள். பட்டம் வாங்கிய பிறகு வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும், அதில் சுயதொழிலும் செய்யலாம். கஃபேக்காரர் அவசரப்படாதவராக இருந்தால் அதுவரை பொறுக்கட்டும்.

இன்டர்ன்ஷிப்பா சொந்த வேலையா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். உங்களுக்கு அந்தக் கேள்வியே இல்லை என்றுதான் படுகிறது. ஸ்டூடியோவில் கோப்புக்குப் பெயர் வைக்கவும், இன்னொருவர் விட்ட இடத்திலிருந்து தொடரவும் படித்திருப்பீர்கள். அதற்கு எட்டு மாதம் போதும்.

பேசவேண்டியது அந்த எழுத்துகளைப் பற்றி. பெர்லினில் ரயில்பாதையைத் தாங்கும் கல் வளைவுகளுக்கு அடியில் எழுத்துகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருந்தது. 2005ல் தொடங்கியது, 2025ல் மூடிவிட்டார்கள். மூடிய கடைகளின் பெயர்ப் பலகை எழுத்துகளைக் கழற்றி வந்து வைத்திருந்தார்கள். அங்கே ஒரு நியான் எழுத்தின் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நியான் என்பது வளைத்த கண்ணாடிக் குழாய். ஒரு பக்கம் ஆரம்பித்து மறுபக்கம் முடியும். ஒளி தெரியக்கூடாத இடத்தில் குழாய்க்குக் கருப்பு மை பூசிவிடுவார்கள். ரோமன் எழுத்துகளுக்கு இந்தக் கருப்பு மை நிறையத் தேவைப்படும். நம் எழுத்துகள் பெரும்பாலும் கையெடுக்காமல் எழுதுபவை, குழாய்க்கென்றே செய்ததுபோல.

உங்கள் ‘அ’ அதைக் கண்டுகொண்டிருக்கிறது. கீழ்ச்சுழியில் ஒளி ஒரு கணம் தயங்கி மேலேறுவது அழகு. ஆனால் உங்கள் மூன்று சுழி ‘ண’ மூன்று துண்டுகளாக எரிகிறது. சுழிக்கு ஒரு குழாய், ஒட்டுப்போட்டதுபோல. ஃபான்டைத் திறந்து எழுத்தை வெறும் கோடுகளாக மாற்றி வெட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு முறை தாளில் பென்சிலை எடுக்காமல் எழுதிப் பாருங்கள். பிறகு அந்தக் கோட்டில் குழாயை ஓட்டுங்கள். திருத்தியதும் எனக்கு அனுப்புங்கள்.