பழைய அபார்ட்மென்ட்டை இடித்துக் கட்டும் முன்: தெரு அகலம் முதல் பொதுச்சுவர் வரை

சென்னையின் பழைய குடியிருப்புகளில் மறுகட்டுமானப் பேச்சு எழும்போது வரும் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில். 'விதி' என்று சொல்லும் இடங்களில் 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளையே சொல்கிறோம். அதில் திருத்தங்கள் வந்துகொண்டே இருப்பதால், பிளான் போடும் நாளில் நடப்பில் உள்ள எண்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கு மாம்பலத்தில் ஐந்து கிரவுண்டு மனை, 60-க்கு 200 அடி. 1986-ல் கட்டிய 14 வீடுகள், மொத்தம் 18,000 சதுர அடி. தெரு 30 அடி. "இப்போது 3.25 எஃப்.எஸ்.ஐ. கிடைக்கிறது, எல்லோருக்கும் பத்து சதவீதம் கூடுதலாகத் தருகிறேன்" என்கிறார் பில்டர். நம்பலாமா?

எஃப்.எஸ்.ஐ. என்பது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எண். அதில் 3.25-ஐ முதலில் மறந்துவிடுங்கள். அது 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடங்களுக்கான எண். அதை முழுதாகப் பெற 18 மீட்டர் அகலச் சாலை வேண்டும். அப்படியொரு சாலையே இருந்தாலும் உங்கள் மனை இடம் கொடுக்காது. உயர்மாடிக் கட்டடத்துக்குத் தீயணைப்பு வண்டி சுற்றிவர நான்கு பக்கமும் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும். 60 அடி என்பது 18.29 மீட்டர். இரு பக்கமும் 14 மீட்டர் போனால் நடுவில் மிஞ்சுவது 4.29 மீட்டர். அதில் கட்டடம் எழுப்ப முடியாது.

உங்களுக்குக் கிடைப்பது சாதாரண எஃப்.எஸ்.ஐ. 2.0. 12,000 சதுர அடி மனைக்கு 24,000 சதுர அடி. இதற்கு மேல் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. தெரு அகலத்தைப் பொறுத்தது: 9 மீட்டருக்கு 30 சதவீதம், 12 மீட்டருக்கு 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் 50. உங்கள் 30 அடி 9.14 மீட்டர். எனவே 30 சதவீதம், அதாவது 7,200 சதுர அடி சேர்ந்து மொத்தம் 31,200.

இனி பில்டரின் கணக்கைப் போடுங்கள். உங்களுக்குப் பத்து சதவீதம் கூட்டிக் கொடுத்தால் 19,800 போகிறது. அவர் விற்க மிஞ்சுவது 11,400. அந்தப் பணத்தில்தான் 31,200 சதுர அடியையும் கட்ட வேண்டும், பிரீமியம் கட்டணம் செலுத்த வேண்டும், உங்கள் வாடகையும் தர வேண்டும். மாம்பலம் விலைக்கு இது நடக்கக்கூடிய கணக்குதான்.

ஆனால் தெருவை டேப் வைத்து அளந்தீர்களா? பத்திரத்தில் 30 அடி என்று இருக்கும். தரையில் எதிர்வீட்டுப் படிக்கட்டும் காம்பவுண்டும் தள்ளி வந்து 28 அடியாக நிற்கும். 28 அடி என்றால் 8.53 மீட்டர், பிரீமியம் கிடையாது. அப்போது பில்டருக்கு மிஞ்சுவது 4,200 சதுர அடி மட்டுமே. இந்த நிலையில் பத்து சதவீதம் கூடுதல் தருவதாகக் கையெழுத்துப் போடுகிறவர் பாதியில் நிறுத்தவோ பேரத்தை மாற்றவோதான் வாய்ப்பு அதிகம். ஏரியாவின் பெயரை வைத்துப் பேரம் பேசுவதைவிட ஒரு நாள் சர்வேயரைக் கூப்பிட்டுத் தெருவை நான்கைந்து இடங்களில் அளப்பது பயன் தரும். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

கூடுதல் வீடு என்றால் கூடுதல் கார். ஒரு கார் நிறுத்தத்துக்கு 2.5-க்கு 5 மீட்டர், அதோடு வண்டி திரும்பும் பாதை. 60 அடி மனையில் ஸ்டில்ட் தளத்து (கார் நிறுத்தும் திறந்த தரைத்தளம்) தூண்களை வைத்துப் பார்த்தால், எஃப்.எஸ்.ஐ. அனுமதித்த அத்தனை வீடுகளுக்கும் கார் இடம் வராமல் போகலாம். தூண் வரைபடத்தோடு பார்க்கிங் பிளானைக் கேட்டு வாங்கிய பிறகே சதுர அடி பேசுங்கள்.

எங்கள் 14 வீடுகளில் 10 பேர் சம்மதம், 4 பேர் மறுப்பு. புதிய சட்டப்படி போதுமா?

2022-ன் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இடித்துக் கட்ட உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும் என்கிறது. 14-க்கு மூன்றில் இரண்டு 9.33, ஆகவே 10 பேர். உங்களுக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் ஒருவர் பின்வாங்கினால் கவிழ்ந்துவிடும்.

கையை உயர்த்தியதைச் சம்மதம் என்று எண்ணாதீர்கள். முறையான கூட்ட அறிவிப்பு, வருகைப் பதிவு, தீர்மானம், ஒவ்வொருவரின் தனித்தனி எழுத்துச் சம்மதம் ஆகியவை கோப்பில் இருக்க வேண்டும். சிக்கல் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, இறந்துபோன உரிமையாளர்: வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டு, வீடும் யூ.டி.எஸ்.ஸும் (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) யார் பெயரில் என்பது தெளிவாக வேண்டும். மற்றது, வெளிநாட்டில் இருப்பவர்: பவர் பத்திரத்தில் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். நாள் தாண்டினால் அந்தத் தாளைச் சார்பதிவாளரிடம் நீட்டும்போதுதான் பிரச்சினை தெரியும்.

சட்டம் பெரும்பான்மைக்குப் பலம் தருகிறது என்பதற்காக நான்கு பேரையும் ஓரங்கட்ட வேண்டாம். அவர்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினால், நீங்கள் காலி செய்த பின் மாட்டிக்கொள்வீர்கள். பெரும்பாலும் எதிர்ப்புக்குக் காரணம் திட்டமல்ல. மேல்தளத்துக்குப் போக வேண்டுமே என்ற வயதானவரின் பயம், வங்கிக் கடன் பாக்கி, வாடகைக்கு விட்ட வீட்டின் வருமானம். மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் தனி ஷரத்து எழுதலாம்.

பில்டரோடு போடும் ஒப்பந்தத்தில் எதை எழுதாமல் விட்டால் அடி வாங்குவோம்?

"24 மாதத்தில் ஒப்படைப்பு" என்று எழுதியிருக்கும். எந்த நாளிலிருந்து? பில்டரின் வரைவில் அது அனுமதி வந்த நாளாகவோ அடித்தளம் முடிந்த நாளாகவோ இருக்கும். நீங்கள் வாடகை வீட்டுக்குப் போன நாளிலிருந்து என்று மாற்றுங்கள். திட்ட அனுமதி கையில் வராமல் யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம். மாத வாடகையும் "24 மாதம் வரை" அல்ல, "சாவி தரும் நாள் வரை".

பரப்பைக் கார்ப்பெட் ஏரியாவில், அதாவது சுவர்களுக்குள் புழங்கும் பரப்பில், எழுதுங்கள். "இப்போதுள்ள அளவு" என்ற சொல் பெரிய பொறி. பழைய பத்திரத்தில் இருப்பது சுவர்களையும் சேர்த்த பிளிந்த் ஏரியா. புதிய கட்டடத்தில் லிஃப்டும் லாபியும் சேர்த்து சூப்பர் பில்ட்-அப் கணக்கு வரும். அதே 900 சதுர அடி என்று தாளில் இருக்கும். பழைய பீரோ படுக்கையறையில் நுழையாது. வீட்டு எண்ணோடு, அறை அளவோடு, பிளானை இணைப்பாக வைத்து இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

பவர் பத்திரத்தை ஒரேயடியாகத் தர வேண்டாம். பிளான் அனுமதி, மின்வாரியம், குடிநீர் வாரிய வேலைகளுக்கு ஒன்று. பில்டர் பங்கின் யூ.டி.எஸ்.ஸை விற்கும் அதிகாரத்தைக் கட்டம் கட்டமாக விடுவியுங்கள்; கடைசிப் பங்கை உங்கள் வீடுகளின் சாவி வந்த பிறகு. உங்கள் பங்கை அடமானம் வைத்து அவர் கடன் வாங்கக் கூடாது என்று தனி வரி வேண்டும். வங்கி உத்தரவாதம் கேளுங்கள். அதைத் தயங்கும் பில்டரின் நிதி நிலைமையை இன்னொருமுறை விசாரியுங்கள்.

வரி பற்றி ஒன்று: தனிநபர் பதிவு செய்த கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்தால், மூலதன ஆதாய வரி ஒப்பந்த ஆண்டில் அல்ல, நிறைவுச் சான்று வந்த ஆண்டில் வரும். அதற்கு முன்பே தன் பங்கை விற்றால் அந்தச் சலுகை போய்விடும். கையில் வாங்கும் ரொக்கத்துக்கு 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கப்படும்.

திருவல்லிக்கேணியில் பக்கத்து வீட்டோடு ஒட்டிய பழைய வீடு எங்களுடையது. பக்கத்து வீட்டை இடிக்கப் போகிறார்கள், நடுவில் பொதுச்சுவர். என்ன பார்க்க வேண்டும்?

தொடர் கட்டடப் பகுதியில் பக்கவாட்டு இடைவெளி விட வேண்டியதில்லை. ஆகவே புதிய கட்டடமும் உங்கள் சுவரை ஒட்டியே எழும். முதலில் இரண்டு வீட்டுப் பத்திரங்களிலும் நான்கெல்லை பாருங்கள். "பொதுச்சுவர்" என்று இருந்தால் அதை ஒருவர் மட்டும் இடிக்க முடியாது.

மர உத்திரங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கூரை போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இரு வீட்டு தேக்கு உத்திரங்களும் அதே சுண்ணாம்புச் சுவரில் செருகியிருக்கும். ஒரு பக்கத்து உத்திரத்தை உருவினால் அந்தப் பக்கப் பாரம் போய், உங்கள் பாரம் மட்டும் சுவரை ஒரு புறம் தள்ளும். உருவிய பொந்துகளை அன்றன்றே செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் ஜே.சி.பி. கூடாது, கையால் உடைக்க வேண்டும்.

பெரிய ஆபத்து இடிப்பில் அல்ல, தோண்டுவதில். பழைய அஸ்திவாரம் ஆழம் குறைவு. புதிய ஃபூட்டிங்கோ (தூணின் அடித்தளம்) சம்ப்போ (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) அதற்குக் கீழே போனால் உங்கள் சுவரின் அடி மண் சரியும். அதை ஒட்டித் தோண்டத்தான் வேண்டும் என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாக, ஒரு துண்டில் கான்கிரீட் போட்டு இறுகிய பிறகே பக்கத்துத் துண்டைத் தொட வேண்டும். சம்ப்பை மனையின் மறுபுறம் தள்ளச் சொல்லுங்கள்.

வேலை தொடங்கும் முன் உங்கள் வீட்டின் எல்லா விரிசலையும் தேதியோடு படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஓர் அறிக்கையாக்குங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடும் தேதியும் போட்டால் அது நீள்கிறதா என்று தெரியும். வெளியே தெரிய வரும் சுவர் முகத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சே நல்லது. சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி உங்கள் பக்கம் பூத்துக் கொட்டும். கடைசியில் இரண்டு கட்டடத்துக்கும் இடையே வரும் சிறு இடுக்கின் தலையை உலோகத் தகட்டால் மூட வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கும்.

எட்டு வீடுகள்தான், அதனால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டாம் என்கிறார் பில்டர்.

சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் பதிவு இல்லையென்றால், வாங்குபவர் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கும் கட்டாயமும் இல்லை. கட்டமைப்புக் குறைக்கு ஐந்து ஆண்டுப் பொறுப்பு, தனி வங்கிக் கணக்கு, காலாண்டு வரவு செலவு மூன்றையும் நீங்களே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தரைத்தளத்தில் கடைகள் வைத்துக் கட்டலாமா?

சர்வே எண்ணைக் கொடுத்து சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் நிலப் பயன்பாட்டைக் கேளுங்கள். இன்றைய வகைப்பாடு 2008-ன் இரண்டாம் முழுமைத் திட்டப்படி. தெருவில் நாலு கடை இருப்பதால் உங்கள் மனை வணிக மண்டலமாகிவிடாது. மண்டலம் மாற்ற 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் வழி உண்டு. ஆட்சேபம் கேட்டு விளம்பரம் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் காலம் பிடிக்கும். அதை நம்பி பில்டரிடம் தேதி கொடுக்காதீர்கள்.

வில்லிவாக்கத்தில் ஒரு கிரவுண்டில் தாத்தா கட்டிய தனி வீடு. சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுவதாக நாமே சான்றளித்து அனுமதி பெறுவது) புது வீடு கட்ட முடியுமா?

முடியும். 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரையும் முதல் தளமும் உள்ள வீட்டுக்கு 2024 ஜூலை முதல் இந்த முறை உண்டு. உங்கள் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, அதற்குள் அடங்கும். தடை பட்டாவில்தான் வரும். இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கி, மற்ற வாரிசுகளிடம் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ பதிவு செய்து, பட்டாவை மாற்றிக்கொண்டு விண்ணப்பியுங்கள். அதுவரை பழைய வீட்டை இடிக்காதீர்கள்.