சாவி திரும்பவில்லை, ஸ்டியரிங் அசையவில்லை: சர்வீஸ் சென்டரா, நாமே பார்க்கலாமா?

கேள்வி: என் காருக்குப் பன்னிரண்டு வயது. சாவி போட்டுத் திருப்பும் பெட்ரோல் வண்டி. ஒரு மாதமாக ஸ்டியரிங் லாக் மக்கர் செய்கிறது. காலையில் சாவியைப் போட்டால் திரும்புவதே இல்லை. பத்து நிமிடம் மல்லுக்கட்டினால் திடீரென்று திரும்பிவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் லாக் செட்டையே மாற்றவேண்டும் என்று 14,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். தெருமுனை மெக்கானிக், "அந்த லாக் பின்னை அறுத்துவிட்டால் தொல்லையே இல்லை, ஐந்நூறு கொடுங்கள்" என்கிறார். தம்பியோ வீடியோ பார்த்து நாமே மாற்றிவிடலாம் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: மூன்று பேர் சொன்னதையும் ஓரமாக வைத்துவிட்டு, பீரோவில் கிடக்கும் ஸ்பேர் சாவியை எடுத்து வாருங்கள். அதைப் போட்டால் சாவி வழுக்கிக்கொண்டு திரும்புகிறதா? அப்படியானால் பழுது லாக்கில் இல்லை, சாவியில் இருக்கிறது. இரண்டு சாவிகளையும் வெளிச்சத்தில் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். தினமும் போட்ட சாவியின் மேடு பள்ளமெல்லாம் மழுங்கியிருக்கும். லாக்கின் உள்ளே வரிசையாக மெல்லிய தகடுகள் உண்டு. சாவி அவற்றைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் சாவி நுழையும் உருளை திரும்பும். மழுங்கிய சாவி தூக்கவேண்டிய அளவுக்குத் தூக்காது. டூப்ளிகேட் எடுப்பதென்றால் ஸ்பேரைக் கொடுத்து எடுங்கள். தேய்ந்ததைக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் நகலெடுப்பார்கள். வண்டி வாங்கியபோது சாவியோடு எண் போட்ட சிறிய வில்லை ஒன்று வந்திருந்தால் இன்னும் நல்லது. அந்த எண்ணை வைத்துப் புதுச் சாவிக்குரிய அளவிலேயே வெட்டமுடியும்.

ஸ்பேரும் திரும்பவில்லையா? அடுத்து வண்டியை எப்படி நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். சாவியை எடுத்தபின் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் 'டக்' என்று கேட்குமே, அது ஓர் இரும்புப் பின் ஸ்டியரிங் தண்டின் பள்ளத்தில் போய் விழும் சத்தம். சக்கரத்தை ஒடித்து நிறுத்தியிருந்தாலோ, அது நடைபாதைக் கல்லில் முட்டிக்கொண்டிருந்தாலோ, டயர் அந்தத் தண்டை ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டே இருக்கும். அந்த இரும்புப் பின் பள்ளத்தின் சுவரோடு இறுகிவிடும். கொடைக்கானலில் ஒருமுறை சரிவில் சக்கரத்தைக் கல்லோடு ஒட்டி நிறுத்திவிட்டு, விடியற்காலைக் குளிரில் இருபது நிமிடம் சாவியோடு போராடியிருக்கிறேன். வழி சொன்னவர் விடுதிக் காவலாளி. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் கல்லாக நிற்கும், மறுபக்கம் நூலளவு நகரும். நகரும் பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியை மெதுவாகத் திருப்ப வேண்டும். சாவியில் பலத்தைக் காட்டக்கூடாது. உள்ளே முறிந்துவிட்டால் செலவு அங்கிருந்துதான் ஆரம்பம்.

மூன்றாவது தூசி. தேங்காய் எண்ணெய் விட்டிருப்பீர்கள், நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். இனி வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசினாக்கிவிடும். கிராஃபைட் பொடி கிடைத்தால் கொஞ்சம் ஊதிவிடுங்கள். கிடைக்காவிட்டால் பென்சிலைச் சாவியின் இரு பக்கமும் கருப்பாகத் தேய்த்து, பத்துப் பதினைந்து முறை போட்டு எடுங்கள். அதுவும் கிராஃபைட்தான்.

டூப்ளிகேட் சாவி எடுப்பதைத் தவிர, இதுவரை சொன்னது எல்லாம் நீங்களே செய்யலாம், பெரிய செலவில்லை. உங்கள் வண்டி "மல்லுக்கட்டினால் திரும்புகிறது" என்பதால், இதற்குள்ளேயே சரியாகிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஆகாவிட்டால் லாக்கைக் கழற்றவேண்டும். தம்பியின் வீடியோவில் எளிதாகத் தெரிந்திருக்கும். ஆனால் பல கார்களில் லாக்கின் கூட்டை ஸ்டியரிங் தண்டோடு பிடித்திருப்பவை இறுக்கும்போதே தலை முறிந்துவிடும் போல்ட்டுகள். திருடன் கழற்றக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தது. ஸ்பேனர் பிடிக்கத் தலையே இருக்காது. உளியால் தட்டியோ டிரில் போட்டோதான் எடுக்கவேண்டும், அதுவும் உடம்பை மடக்கிக்கொண்டு தலைகீழாகப் பார்த்து. ஏர்பேக் உள்ள வண்டியானால் பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் அந்தப் பக்கம் கை வைக்கவே கூடாது. மஞ்சள் நிற வயர்களைத் தொடவும் கூடாது. அப்புறம் சிப். இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு, உள்ள வண்டியில் சாவித் தலைக்குள் சிப் இருக்கும். வேறு சிப் உள்ள சாவியை வண்டியின் கம்ப்யூட்டரில் பதியவேண்டும். பழைய சாவியின் சிப்பையே வைத்துக்கொண்டால், உருளையை மட்டும் மாற்றும்போது இந்தப் பதிவு வேலை இருக்காது.

எனவே பொடி போடுவதோடு தம்பியின் எல்லை முடிகிறது. அதற்கு மேல் கார் சாவி வேலை தெரிந்த நல்ல சாவிக்காரர். தேய்ந்த தகடுகளை மாற்றி, பழைய சாவிக்கே உருளையைப் பொருத்தித் தரக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அதுவும் முடியாது என்றால்தான் சர்வீஸ் சென்டர். அங்கே போனால் எஸ்டிமேட்டைப் பிரித்துக் கேளுங்கள். 'லாக் செட்' என்றால் கதவு, டிக்கி, இக்னிஷன் எல்லாம் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்பது மட்டும்தான் அதில் லாபம். இக்னிஷன் லாக் மட்டும் தனியாக வருமா, என்ன விலை என்று கேளுங்கள். கதவுக்கு ஒரு சாவி, ஸ்டார்ட் செய்ய ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளச் சம்மதமானால் பணம் மிச்சம். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பின்னை அறுப்பது? வேண்டவே வேண்டாம். அறுத்த துண்டோ, பாதியில் நிற்கும் பின்னோ ஓடும்போது பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் நடுரோட்டில் பூட்டிக்கொள்ளும். அதைக் காசு கொடுத்து வாங்கவேண்டுமா? வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர் அசல் சாவிகளை எல்லாம் கேட்பார். லாக்கே இல்லாத வண்டி என்று தெரிந்தால் அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று யோசியுங்கள்.

இன்னொன்று: சாவி திரும்பி எஞ்சினும் ஓடும்போது ஸ்டியரிங் எங்காவது பிடிப்பது போலிருந்தால் ஓர் அடிகூட ஓட்டாதீர்கள். முன்சக்கரம் திரும்பாத வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவும் முடியாது. பிளாட்பெட் லாரிதான் வேண்டும். இன்சூரன்ஸில் ரோடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவையுங்கள்.

கேள்வி: என்னுடையது புஷ் பட்டன் கார், இரண்டு வயது, வாரண்டி இருக்கிறது. ஸ்டியரிங் லாக் எச்சரிக்கை வந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. வெளியே காட்டினால் வாரண்டி போய்விடுமா?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் வண்டியில் பின்னை மின் மோட்டாரே நகர்த்தும் லாக்காக இருந்தால் பேட்டரி பலவீனமாக இருந்தாலே தடுமாறும். பேட்டரி வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை அசைத்துக்கொண்டே பட்டனை அழுத்தியும் பாருங்கள். அதற்கு மேல் கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்கும் வேலை, கை வைக்காதீர்கள்.

வாரண்டி விஷயம்: 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது என்றும் சொன்னது. அந்த வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. ஆனால் உங்களுக்கு அந்தச் சண்டை எதற்கு? இலவசமாகச் செய்யவேண்டியவர்கள் செய்யட்டும். புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பதியும் ஜாப் கார்டின் (வேலைச் சீட்டு) நகலை வாங்குங்கள். "இது வாரண்டியில் வராது" என்றால் அதையும் எழுத்திலேயே கேளுங்கள். இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.