கேளுங்க அண்ணாச்சி: பள்ளிக்கூடத்துப் பாட்டுக் குழு

பள்ளிக்கூட நாள்களில் குழுவாகப் பாடியதையும் வாசித்ததையும் பற்றி எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். நினைவுகளை விடக் கேள்விகள்தான் அதிகம் வந்திருக்கின்றன. சரி, முடிந்த வரைக்கும் பார்ப்போம்.

கேள்வி: எட்டாவது வரைக்கும் எங்கள் குழுவில் நான்தான் பாட்டை எடுத்துக்கொடுப்பேன். ஒன்பதாவதில் குரல் உடைந்தது. "ஏலே, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரப்பிடாது" என்று சொல்லிவிட்டார் பாட்டு சார். நாற்பது வயதுக்கு மேல் ஆகியும் உறுத்துகிறது. அவர் செய்தது சரியா அண்ணாச்சி? (வாசகர், கடையநல்லூர்)

பதில்: சரியில்லை. அந்த வயதில் பையன்களுக்குக் குரல்வளை பெரிதாகி, குரல்நாண் நீண்டு தடிக்கிறது, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். நேற்று வரை பெண் பிள்ளைகளோடு ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரம், எண் கூடினால் சுருதியும் மேலே) பாடியவன் கடைசியில் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் வந்து நிற்பான், நடுவில் சில மாதம் எங்கே நிற்பான் என்று அவனுக்கே தெரியாது. எல்லோரையும் ஒரே சுருதியில் பாட வைத்தால் அவனுக்கு அங்கே இடம் இருக்காது, அதனால்தான் வாயை அசைக்கச் சொல்வது. ஆனால் நம்ம பாளையங்கோட்டை, நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில் கொயர்களில், அதாவது பாட்டுக் குழுக்களில், பாடிய பையன்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே மேலிருந்து கீழாக சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரல். குரல் உடைந்தால் பின்வரிசைக்கு, டெனருக்கோ பேஸுக்கோ தள்ளிவிடுவார்கள், அது பையனுக்குப் பதவி உயர்வு மாதிரி, மீசை முளைத்த அண்ணன்மாரோடு நிற்கலாமே. கோடு போட்ட இசைத்தாள்கூட வேண்டாம், டோ ரே மி எழுத்துகளை வைத்தே சோல்ஃபா என்கிற முறையில் தன் பாகத்தைப் படித்துக்கொள்வார்கள். உங்கள் சாருக்கு அந்தப் பழக்கம் இருந்திருந்தால் ஒரு நல்ல பேஸ் குரல் கிடைத்திருக்கும், அவருக்குத்தான் நட்டம்.

கேள்வி: எல்லோரையும் கேட்கிறீர்களே, நீங்கள் பள்ளியில் என்ன வாசித்தீர்கள்? (வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: வாசித்தேன் என்று சொன்னால் என் கூடப் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். வில்லுப்பாட்டுக் குழுவில் பாடுகிறவர் சொல்லச் சொல்லப் பின்னால் இருந்து நான் "ஆமா" போட்டேன். எங்கள் ஊரில் அம்மன் கொடை, மாடன் கொடை என்று கோயில் திருவிழா வந்தால் விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கும், அதைத் திண்ணையில் தூங்கி வழிந்தபடியே கேட்டு வளர்ந்தவர்கள்தான் குழுவில் எல்லோரும், அதனால் சார் பெரிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அசல் வில்லுக்கு வைரம் பாய்ந்த பனங்கம்பும் தோல் நாணும் வேண்டும், நாங்கள் மூங்கிலை வளைத்து, யார் வீட்டிலேயோ மாட்டுக் கழுத்தில் கிடந்த சலங்கையைக் கழற்றிக் கட்டினோம். குடம் பிரிமணை என்கிற வளையத்தின் மேல் இருக்கும். அதன் வாயில் பாளைப் பத்தி என்கிற தட்டையான மட்டையால் அடித்தால் 'கும்' என்று வயிற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம் எழும்பும், மற்றக் கையில் காசை வைத்துக் குடத்தின் பக்கவாட்டில் தட்டுவான் ஒருத்தன். கதை மட்டும் கொடையில் கேட்ட கதை இல்லை, சிறுசேமிப்பு! உண்டியலில் காசு போடாத ஒரு குடும்பத்தின் அழிவை முக்கால் மணி நேரம் பாடினோம்.

இந்த "ஆமா"வைச் சும்மா நினைக்காதீர்கள். வில்லின் நாணைத் தட்டுகிற வீசுகோலைப் பிடித்துப் பாடுகிறவர் மூச்சு வாங்குவது அந்த இடத்தில்தான். ஆமா ஒரு நொடி பிந்தினால் அவர் அடுத்த அடியைத் தடுமாறி எடுப்பார், முந்தினால் சொன்ன விஷயம் சபைக்குப் போய்ச் சேராது. எங்கே "ஆமா", எங்கே "அப்படியா", எங்கே சும்மா ஒரு "அடடே" என்பதை எந்த நோட்டிலும் எழுதித் தரமாட்டார்கள். குழு என்றால் எடுத்துக்கொடுக்கிறவனை மட்டும்தான் பள்ளிக்கூடங்கள் பாராட்டுகின்றன, பரிசுச் சோப்பு டப்பாவும் அவனுக்குத்தான். என்னைக் கேட்டால் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களை வைத்துத்தான் குழு நல்ல குழுவா என்று சொல்ல முடியும். பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் கலைத் திருவிழா நடத்துகிறதே, அதில் நடுவராக உட்காருகிறவர்கள் கொஞ்சம் பின்வரிசையையும் பாருங்கள்.

கேள்வி: பள்ளி பேண்டில் நான் பியூகிள் ஊதினேன். சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லி எல்லோரும் நச்சரிப்பார்கள், ஒரு நாளும் வந்ததில்லை. என் தப்பா? (வாசகர், வள்ளியூர்)

பதில்: பியூகிளில் அழுத்த வால்வு கிடையாது. உதட்டை இறுக்கித் தளர்த்திக் கிடைக்கிற ஐந்தாறு சுரம்தான், அதில் என்ன சினிமாப் பாட்டு? ஆகஸ்ட் 15 காலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் அணிவகுப்பு பார்த்திருப்பீர்கள், அங்கே உண்மையான ராஜா பேஸ் டிரம்காரன். அவன் அடி இடது காலில் விழும், அவன் ஒன்று தப்பினால் பின்னால் வருகிற மொத்த வரிசையும் காலை மாற்றிப் போடும்.

கேள்வி: காலைப் பிரேயரில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடியதைக் குழு அனுபவமாகச் சேர்க்கலாமா? (வாசகி, சங்கரன்கோவில்)

பதில்: தாராளமாக. எழுதிய சுந்தரம் பிள்ளை திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் வேலை பார்த்தவர், அந்த உரிமையும் நமக்கு உண்டு. அது இடம்பெற்ற மனோன்மணீயம் நாடகம் 1891இல் வந்தது, மெட்டு எம்.எஸ். விஸ்வநாதனுடையது, மோகன ராகம், 55 விநாடி. அந்த 55 விநாடிக்குள் என்னென்ன நடக்கும்! சுருதிப் பெட்டி இல்லாத மைதானத்தில் முதல் பிள்ளை பயத்தில் உச்சத்தில் எடுத்துவிடும், மேலே ஏறுகிற இடம் வரும்போது பாதிப் பேர் கீழ் ஸ்தாயிக்கு நழுவிவிடுவார்கள், மீதிப் பேர் தலைமையாசிரியரைப் பார்த்தபடி கத்துவார்கள்.

கேள்வி: எங்கள் செட் பள்ளியை விட்டு 25 வருடம் ஆகிறது. ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர் மேடையில் பாடப் போகிறோம். எந்தக் கட்டையில் பாடலாம்? (வாசகர், நாங்குநேரி)

பதில்: அந்தக் காலத்துக் கட்டையை மறந்துவிடுங்கள். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை என்பது பொதுவாக ஒத்துவரும், இரண்டையும் ஒரே பாட்டில் ஒட்டவைக்க நடுவில் மூன்றில் வைத்தால் இரண்டு பக்கமும் முக்கும். அதைவிட ஆண்களுக்கு ஒரு பாட்டு, பெண்களுக்கு ஒரு பாட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஏற்ற இறக்கம் குறைவான ஒன்றை எல்லோரும் சேர்ந்து பாடலாம். வாட்சப்பில் அவரவர் பாடி அனுப்புவது ஒத்திகை ஆகாது, முந்தின நாளாவது ஒன்றாக உட்காருங்கள். அப்புறம் ஒன்று, மைக் ஒன்றுதான் கிடைக்கும், அதனால் சத்தமாகப் பாடுகிறவரைப் பின்னால் நிறுத்துங்கள். அந்தக் காலத்து வகுப்புத் தலைவராக இருப்பார், கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.