கால் ரத்தக்குழாய் அடைப்பும் ஓசோன் சிகிச்சையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வயது 61. சர்க்கரை நோய் உண்டு. கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. காலில் அடைப்பு என்கிறார்கள். ஓசோன் ஏற்றினால் கரையுமா?

பதில்: கரையாது. தமனிச் சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து கெட்டிப்பட்ட அடைப்பு அது. ஓசோன் சிகிச்சையில் பெரும்பாலும் 100 முதல் 200 மில்லி ரத்தத்தை எடுத்து, ஓசோனும் ஆக்சிஜனும் சேர்ந்த வாயுவைக் கலந்து, திரும்ப ஏற்றுவார்கள். ரத்தத்தில் பட்டவுடன் ஓசோன் வினைபுரிந்து தீர்ந்துவிடும். அதில் உண்டாகும் பெராக்சைடு போன்ற பொருள்களே உடலுக்குள் போகின்றன. அவை ரத்தக்குழாயின் உட்படலத்தைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடு சுரக்கவைக்கும், குழாய் விரியும் என்பது ஆதரவாளர்களின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குழாய் சற்று விரிவதால் மட்டும் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடிவிடாது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு ஓசோன் தருவது பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் அலசியபோது கிடைத்தவை 3 ஆய்வுகள், மொத்தம் 212 பேர். உறுதியாக எதுவும் சொல்ல அது போதவில்லை.

கேள்வி: பக்கவிளைவே இல்லை என்கிறார்களே?

பதில்: நம்பாதீர்கள். ஓசோனைச் சுவாசித்தால் நுரையீரல் புண்படும். வாயுவை நேராகச் சிரையில் செலுத்தினால் குமிழி அடைத்து உயிரே போகலாம். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த அணுக்கள் சிதையக்கூடும்.

கேள்வி: அடைப்பின் அளவை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்போம். 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு. சர்க்கரை நோயில் குழாய் சுண்ணாம்பேறி விறைத்திருந்தால் 1.40-ஐத் தாண்டிப் பொய்யாகக் காட்டும். அப்போது கால் பெருவிரலில் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் என்னதான் வழி?

பதில்: புகைபிடித்தால் இன்றே நிறுத்துங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ரத்தத்தட்டு ஒட்டாமல் தடுக்கும் மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு மூன்றையும் விடக் கூடாது. ஓசோனை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, விரல் கறுத்த பிறகு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. கூடவே நடைப்பயிற்சி: வலி ஓரளவு ஏறும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மீண்டும் நடக்க வேண்டும். ஒரு வேளைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் 3 நாளாவது, குறைந்தது 12 வாரம். பாதத்தில் புண் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ புண் ஆறாவிட்டாலோ ரத்தக்குழாய் அறுவை நிபுணரை உடனே பாருங்கள். கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் சில மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தை மீட்டாக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.