நவம்பர் மான் வேட்டைக்குக் கம்பளி உடையா, சிந்தெடிக் உடையா?

கேள்வி: "கனடாவின் ஒன்டாரியோவில் பாரி சவுண்ட் பக்கம் நவம்பர் துப்பாக்கிப் பருவத்தில் முதன்முறையாக வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறேன். கம்பளி தவிர வேறெதுவும் வாங்காதே என்கிறார் கூட வரும் மூத்தவர். ஃபிளீஸும் சிந்தெடிக் ஜாக்கெட்டும் போதும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?"

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி (மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி), அதற்கு மேல் பாலியெஸ்டர் ஃபிளீஸ் (மயிர் போல் சீவிய செயற்கைத் துணி). மேலடுக்கு அன்றைய வானிலையைப் பொறுத்தது: பனி உலர்ந்து விழும் நாளில் கனமான கம்பளிக் கோட், மழையும் பனியும் கலந்து கொட்டும் நாளில் சத்தம் போடாத மேல்துணி கொண்ட சிந்தெடிக் ஜாக்கெட். சாக்ஸ் எந்த நாளிலும் கம்பளிதான். பருத்தி மட்டும் எந்த அடுக்கிலும் வேண்டாம். ஜீன்ஸ், டி-ஷர்ட், உள்ளாடை எல்லாமே இதில் அடக்கம்.

காரணம் புரிந்தால் கடையில் யார் என்ன சொன்னாலும் குழம்ப மாட்டீர்கள். விடியுமுன் இருட்டில் முதுகுப்பையும் துப்பாக்கியுமாக அரை மணி நேரம் நடக்கிறீர்கள். பிறகு பரணில் ஏறி நாலைந்து மணி நேரம் அசையாமல் உட்காருகிறீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் உடலிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம்தான் வருகிறது. சுமையோடு பனியில் நடக்கும்போது அது நான்கு மடங்குக்கும் மேல் போகும். உட்காருவதற்குத் தேவையான உடையை நடக்கும்போதே போட்டுக்கொண்டால் வியர்த்துக் கொட்டும். அந்த வியர்வை உடைக்குள் தங்கிவிடும். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவது. பரணில் உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் முதுகு சில்லிட்டு, பிறகு கை நடுங்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்த வியர்வையால்தான். ஆகவே ஒவ்வொரு துணியிடமும் கேட்க வேண்டிய கேள்வி, இது ஈரத்தை என்ன செய்கிறது என்பதே.

கம்பளி இழை தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். அதுவரை தோலுக்கு ஈரம் பெரிதாகத் தெரியாது. ஆவியை உறிஞ்சும்போது இழையிலிருந்து கொஞ்சம் வெப்பமும் வெளிப்படும். நடை முடிந்து உட்காரும் அந்த முதல் கட்டத்தில் உடல் சட்டென்று குளிர்ந்துபோகாமல் இது தாங்கிக்கொள்கிறது. "கம்பளி நனைந்தாலும் கதகதப்பு" என்ற பேச்சை மட்டும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த கம்பளி உலர்ந்த கம்பளியைவிடக் குளிர்தான். இழையின் இயற்கையான சுருள் காரணமாக நனைந்த பிறகும் துணி முழுவதும் படிந்துவிடாது, இடையில் காற்று கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவே. ஊறிப்போன கம்பளிக் கோட் கல்லாகக் கனக்கும்; கேம்ப்பில் ஓர் இரவு தொங்கவிட்டாலும் முழுதாக உலராது.

பாலியெஸ்டர் இழை உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு. வியர்வை இழையின் மேற்பரப்பில் பரவி மேலடுக்குக்குப் போகும், விரைவாக உலரும். நாள் முழுவதும் தடம் பிடித்து நடக்கிறவருக்கு இது நல்ல குணம். அசையாமல் உட்காருகிறவருக்கு அந்த ஈரத்தை உலர்த்தப் போதுமான உடல் வெப்பம் கிடையாது. மேலே கனமான அடுக்குகளும் இருப்பதால் சட்டை சில்லென்று ஒட்டிக்கொள்ளும். இன்னொரு குறை, உடல் நாற்றத்தைப் பாலியெஸ்டர் பிடித்து வைத்துக்கொள்ளும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. மெரினோ சட்டையை மூன்று நான்கு நாள் தொடர்ந்து போட்டாலும் மணம் குறைவாகவே இருக்கும். மான் மூக்கை ஏமாற்ற எந்தத் துணியாலும் முடியாது, காற்றுத் திசை பார்த்துத்தான் உட்கார வேண்டும். ஆனாலும் தோலடுக்கில் நான் மெரினோவுக்கே வாக்களிப்பேன்.

மெரினோ வாங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று இழையின் தடிமன்: 17 முதல் 19 மைக்ரான் வரை இருந்தால் தோலில் உறுத்தாது, 30 மைக்ரானை நெருங்கும் இழைகள்தான் குத்துகின்றன. மற்றொன்று துணியின் எடை: சதுர மீட்டருக்கு 150 கிராம் நடைக்கு ஏற்றது, 250 கிராம் உட்காருவதற்கு. இரண்டு சட்டை வாங்க முடிந்தால் 150 ஒன்றும் 250 ஒன்றும் வாங்குங்கள். மெல்லியதை அணிந்து நடந்து, கனமானதை உலர்ந்த பையில் வைத்துக் கொண்டுபோய் அங்கே மாற்றலாம். 150 கிராம் சுத்த மெரினோ முதுகுப்பை வார் உரசும் தோள்பட்டையில் சீக்கிரம் ஓட்டை விழும். சிறிதளவு நைலான் கலந்தது அதிக காலம் உழைக்கும். சட்டை உடலோடு ஒட்டி இருக்க வேண்டும், கீழ்விளிம்பு இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும். பரணில் குனியும்போது இடுப்பு திறந்தால் அந்த ஓர் இடத்திலேயே எல்லா வெப்பமும் போய்விடும்.

நடு அடுக்கில் பெரிய விவாதம் இல்லை. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ஃபிளீஸ் ஒன்று போதும். விலை குறைவு, எடை குறைவு, உதறினால் பாதி ஈரம் போய்விடும். காற்று ஃபிளீஸ் வழியாகத் தாராளமாக நுழையும் என்பதால் அதையே மேலடுக்காக நம்பாதீர்கள். மைனஸ் 15க்குக் கீழே போகும் உலர்ந்த குளிருக்குச் செயற்கைப் பஞ்சு அடைத்த ஜாக்கெட் ஒன்றைக் கோட்டுக்குள் போடலாம். பறவைத் தூவி அடைத்தது அந்த உலர்ந்த குளிரில் இன்னும் கதகதப்பு. நவம்பர் ஈரத்தில் நனைந்தால் தூவி கட்டியாகிப் பயனற்றுப்போகும்.

மேலடுக்கில்தான் வேட்டை உடை மற்ற குளிர் உடைகளிலிருந்து பிரிகிறது. வெண்வால் மானின் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை. நைலான் ஜாக்கெட்டில் சுள்ளி உரசும் கிறீச்சு இந்த எல்லைக்குள்தான் பெரும்பாலும் விழுகிறது. அடர்த்தியாக மிதித்துத் திரட்டிய கம்பளித் துணியில் அந்தச் சத்தமே எழாது. பென்சில்வேனியாவின் வூல்ரிச் 1830 முதலும், வெர்மான்ட்டின் ஜான்சன் உலன் மில்ஸ் 1842 முதலும், சியாட்டிலின் ஃபில்சன் 1897 முதலும் பெயர் வாங்கியது இப்படிப்பட்ட துணியால்தான். ஃபில்சனின் மேக்கினா கம்பளி 24 அவுன்ஸ் எடை வகை. கனம்தான், ஆனால் உலர்ந்த பனி அதில் ஒட்டாது, தட்டினால் உதிரும். ஃபிளீஸ் மேல்துணியிலோ பனி மயிரிழைகளுக்குள் சிக்கி, உருகி, உள்ளே இறங்கும். ஒட்டுமுள் விதைகளும் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும்.

கம்பளிக் கோட்டுக்கும் இரண்டு பலவீனம் உண்டு. காற்று உள்ளே வரும். இதற்குக் காற்றுத் தடுப்பு மெல்லிய வெஸ்ட் ஒன்றைக் கோட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். சரசரக்கும் நைலானாக இருந்தாலும் கம்பளி அந்தச் சத்தத்தை அமுக்கிவிடும். மற்றது மழை. ஜார்ஜியன் விரிகுடாவை ஒட்டிய அந்தப் பகுதியில் நவம்பர் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக ஆடும். காலையில் பனி, பத்து மணிக்கு ஈரப்பனி, மதியம் தூறல். மைனஸ் 10 உலர்ந்த குளிரைவிட இந்த பிளஸ் 2 ஈரம்தான் ஆளை வீழ்த்தும். தொடர் மழை என்று வானிலை அறிக்கை சொன்னால் கம்பளிக் கோட்டைக் கேம்ப்பில் விட்டுவிட்டு, மேலே ரோமம் போல் மென்மையாகச் சீவிய பாலியெஸ்டர் துணியும் உள்ளே நீர்புகா மெம்பிரேனும் உள்ள ஜாக்கெட்டைப் போடுங்கள். வாங்குமுன் ஜாக்கெட்டின் கைப்பகுதியை நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள், கசக்கியும் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும், விலைச்சீட்டைக் கழற்றாமல், ஓர் இரவு வெளிக்குளிரில் தொங்கவிட்டு மறுநாள் மறுபடி கசக்குங்கள். கடைச் சூட்டில் அமைதியாக இருந்த மெம்பிரேன் பூஜ்யத்துக்குக் கீழே விறைத்து மொறுமொறுக்கலாம்.

அடுத்தது சட்டம். ஒன்டாரியோவில் மான் துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம், அதாவது ஏறக்குறைய 2,580 சதுர செ.மீ., வேட்டைக்காரர் ஆரஞ்சு எனப்படும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரிய வேண்டும். ஆரஞ்சுத் தொப்பியும் வேண்டும். கேமஃபிளாஜ் அச்சுள்ள ஆரஞ்சு, வலைத்துணி ஆரஞ்சு இரண்டும் இந்த 400இல் சேராது. பழைய சிவப்பு-கறுப்புக் கட்டம் போட்ட கம்பளிக் கோட் எவ்வளவு பளிச்சென்றிருந்தாலும் இந்த விதியை நிறைவு செய்யாது. மேலே ஒரு ஆரஞ்சு வெஸ்ட் கட்டாயம். மலிவான வினைல் வெஸ்ட் வாங்கினால் கம்பளியின் அமைதி மொத்தமும் வீணாகும். பின்னல் பாலியெஸ்டரிலோ ஃபிளீஸிலோ வாங்குங்கள். முதுகுப்பை போட்டால் வெஸ்ட்டின் பின்பக்கம் மறைந்துவிடும், பைக்கும் ஆரஞ்சு உறை போடுங்கள். மானுக்கு ஆரஞ்சு மங்கலாகத்தான் தெரியும், அதனால் வேட்டை கெடும் என்று பயப்பட வேண்டாம். நீலமும் புற ஊதாவை ஒட்டிய ஒளியும்தான் அதற்கு நன்றாகத் தெரியும். சாதாரண சோப்புத்தூளில் உள்ள வெண்மையூட்டிகள் புற ஊதாவில் நீலமாக ஒளிர்பவை என்பதால், வேட்டை உடையை அவை இல்லாத, வாசனையில்லாத சோப்பில் மட்டும் துவையுங்கள்.

சாக்ஸில் 60 முதல் 75 சதவீதம் மெரினோ, மீதி நைலானும் கொஞ்சம் எலாஸ்டிக்கும் இருப்பது நல்ல கலவை. சுத்தக் கம்பளி குதிகாலில் தேய்ந்துவிடும். குளிருகிறதே என்று இரண்டு சாக்ஸைத் திணித்துப் பூட்ஸை இறுக்காதீர்கள். ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். பூட்ஸ் அரை அளவு பெரியதாக இருக்கட்டும், விரல்கள் உள்ளே ஆட வேண்டும். கழற்றக்கூடிய உள்பூட் இருந்தால் ஒவ்வோர் இரவும் வெளியே எடுத்து உலர்த்துங்கள். கைக்கு விரல்நுனி திறந்த கம்பளிக் கையுறையும், இரு கைகளையும் உள்ளே நுழைத்துக்கொள்ளும்படி இடுப்பில் கட்டும் உறையும் சேர்ந்தால் போதும். தடித்த கையுறையோடு துப்பாக்கி விசையைச் சுற்றிய காப்பு வளையத்துக்குள் விரலை நுழைப்பது ஆபத்து. விரல் எங்கே தொடுகிறது என்றே தெரியாது. காதுக்கு மேல் மெல்லிய பின்னல் கம்பளி மட்டும் போடுங்கள். தடித்த ஃபிளீஸ் காதை மூடினால் சருகில் மான் கால்வைக்கும் ஒலி உங்களுக்குக் கேட்காது.

இவ்வளவு வாங்கியும் போடும் முறை தவறினால் பலனில்லை. காரை விட்டு இறங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். மெல்லிய மெரினோவும் ஆரஞ்சு வெஸ்ட்டும், மிஞ்சினால் ஃபிளீஸும் போதும். கோட் பைக்கு மேல் கட்டியிருக்கட்டும். நடையை மெதுவாக்குங்கள், வியர்ப்பது தெரிந்தால் கழுத்தை முதலில் திறங்கள். பரணடியில் ஐந்து பத்து நிமிடம் நின்று சூடு தணியவிட்டு, ஈரச் சட்டையை மாற்றி, குளிரத் தொடங்குமுன் மற்ற அடுக்குகளைப் போடுங்கள். குளிர்ந்த பிறகு போட்டால் உடலைத் திரும்பச் சூடாக்க நெடுநேரம் ஆகும். பரணிலிருந்து விழாமல் காக்கும் பாதுகாப்புப் பட்டையை முழு உடையோடு தரையிலேயே அளவு சரிபார்த்துக்கொண்டு ஏறுங்கள். வீட்டிலேயே அத்தனை அடுக்கையும் போட்டு, துப்பாக்கி காலி என்பதை உறுதி செய்து, தோளில் ஏற்றிப் பாருங்கள். தடித்த கோட்டில் துப்பாக்கியின் பின்கட்டை தோளிலிருந்து தள்ளி நிற்கும், ஸ்கோப்பில் கண் தூரமும் மாறும்.

கேம்ப்பில் விறகடுப்பு இருந்தால் ஃபிளீஸைப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். பாலியெஸ்டர் 260 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகி ஒட்டும். தெறிக்கும் ஒரு பொறியே ஓட்டை போடும். பாலிபுரொப்பிலீன் உள்ளாடை 165 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். கம்பளி லேசில் பற்றாது, பற்றினாலும் கருகுமே தவிர உருகாது. துவைப்பதில் நிலைமை தலைகீழ்: கம்பளியைக் குளிர்நீரில் கசக்காமல் ஊறவைத்து, பிழியாமல், தட்டையாகப் பரப்பி உலர்த்த வேண்டும். சுடுநீரும் குலுக்கலும் சேர்ந்தால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சட்டை குழந்தை அளவுக்குச் சுருங்கிவிடும். பருவம் முடிந்ததும் துவைக்காமல் மடித்து வைக்காதீர்கள், அந்துப்பூச்சிப் புழு வியர்வைக் கறை படிந்த இடத்தைத்தான் முதலில் தின்னும். ஃபிளீஸுக்கும் மெம்பிரேன் ஜாக்கெட்டுக்கும் துணி மென்மையாக்கி சேர்க்கக் கூடாது; அது இழைமேல் படிந்து வியர்வை போகும் வழியை அடைக்கும்.

பணம் அளவாக இருந்தால் இந்த வரிசையில் செலவழியுங்கள்: இரண்டு ஜோடி நல்ல கம்பளி சாக்ஸ், மெரினோ மேலும் கீழும் ஒரு செட், மாற்ற ஒரு மெரினோ சட்டை, சாதாரண ஃபிளீஸ், சத்தமில்லாத ஆரஞ்சு வெஸ்ட். மேல்கால்சட்டைக்கு ராணுவ உபரிக் கடையில் பழைய கம்பளிக் கால்சட்டை தேடுங்கள்; முரட்டுக் கம்பளி குத்தினாலும் உள்ளே மெரினோ இருப்பதால் தெரியாது. புதிய கம்பளிக் கோட் விலை அதிகம் என்பதால் முதல் வருடம் அதை விட்டுவிட்டு, மென்மேல்துணி கொண்ட மெம்பிரேன் ஜாக்கெட் ஒன்றை வாங்குங்கள். பாரி சவுண்ட் நவம்பரில் ஈரத்தைத்தான் அதிகம் சந்திக்கப்போகிறீர்கள்.